திறந்து பார்க்கக் கூடாத மூட்டை

என் கையெழுத்துக்காக முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கோடு போட்ட தாளில் எழுதினாலும் என் எழுத்து கோட்டை விட்டுக் கீழே இறங்கிவிடும். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பது ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன எனக்கு இன்றும் தடுமாற்றம்தான். படித்தது தமிழ்ப் பள்ளிக்கூடம். அதற்குப் பிறகு கண்ணில் பட்ட பலகையெல்லாம் மலையாளம். பிழை இருக்கும் இடத்தில் படிப்பவர்களே திருத்திப் படித்துக்கொள்ள வேண்டும்.

எனக்குப் பேச்சும் வராது. டீக்கடையில் சர்க்கரை போடாமல் கொடுத்துவிட்டால்கூட அப்படியே குடித்துவிட்டு வருகிறவன் நான். அந்தக் குணத்தால் நடந்த ஒன்றைத்தான் எழுதப்போகிறேன்.

கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு மேற்கே, கேரளப் பக்கம், பஸ்ஸில் இருபது நிமிட தூரத்தில் ஒரு தென்னந்தோப்பில் வேலை பார்க்கிறேன். இருபத்திரண்டு வருடம் ஆகிவிட்டது. மாடு, மடை, உரம், காய் இறக்குவது எல்லாம் என் பொறுப்பு. எப்போது எதைச் செய்வது என்பதைத் தோப்புக்காரர் சொல்வார். தோப்பின் அடிப்பக்கத்தில் அறுபது சென்ட் வயலை மட்டும் எனக்குப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, விட்டிருந்தார். அங்கே எந்த நெல், எந்த நாளில் விதைப்பு, வரப்பில் உளுந்தா துவரையா என்பதெல்லாம் என் முடிவு. நான் முடிவு செய்கிற இடம் உலகத்தில் அது ஒன்றுதான். வீட்டில் முடிவு செய்வது என் மனைவி.

அந்த வயலின் மேல் தோப்புக்காரருக்கு இரண்டு வருடமாகக் கண் இருந்தது. நெல்லில் என்ன கிடைக்கிறது, தென்னை வைத்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த வருடம் இரண்டாம் போகத்துக்கு முன்னால் வயலின் ஓரத்தில் நின்று தீர்த்துச் சொல்லிவிட்டார்.

"இந்த ஒரு போகம் பாக்கறேன். கனால்ல மொதத் தண்ணி வர்றப்ப நடவு நடந்திருக்கோணும். நடக்கலீன்னா தென்னங்கன்னு எறக்கிருவேன். அப்பறம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கக் கூடாது."

"சரீங்க" என்றேன். வேறு என்ன சொல்வது?

என் வயல் அந்தக் கால்வாயின் கடைமடை. முதல் தண்ணீரைப் பிடித்தால்தான் உண்டு. அதற்கு நாற்று முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும்.

அதே மாதத்தில்தான் ஒரு வெள்ளைக்காரர் வந்து சேர்ந்தார். தோப்புக்காரர் தோப்பின் பெயரை இன்டர்நெட்டில் ஏதோ பட்டியலில் சேர்த்திருந்தார். சோறும் படுக்க இடமும் கொடுத்தால் போதும், கூலியில்லாமல் வேலை செய்து விவசாயம் கற்றுக்கொண்டு போக ஆள் வருவார்களாம். என் மனைவி நம்பவே இல்லை.

"நம்மூர்ல கூலி குடுத்தே ஆளு வர்றதில்ல. கடல் தாண்டி வந்து சும்மா சாணி அள்ளுவாங்களாக்கும்?"

வந்தார், அள்ளினார். அறுபதை நெருங்கிய மனிதர். அவருடைய ஊரில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவராம். நல்ல உயரம், மாட்டுக் கொட்டகையில் நுழையும்போதெல்லாம் தலையில் இடித்துக்கொள்வார். தோப்புக்காரர் அவரை என்னிடம் ஒப்படைத்தார்.

"நீ செய்யறதையெல்லாம் அவரும் செய்யட்டும். கூடவே வெச்சுக்கோ. ரெண்டு மாசம்."

கூடவே வைத்துக்கொண்டேன். ஆனால் அவர் வேலை செய்கிறவரில்லை, கேள்வி கேட்கிறவர். கையில் ஒரு சின்ன நோட்டு, சட்டைப்பையில் போன். போனில் அவர் மொழியில் சொல்வார். அது செய்தி வாசிக்கிற பெண் மாதிரித் தமிழில் திருப்பிச் சொல்லும்.

"நீங்கள் இவ்வாறு செய்வதற்கான காரணம் என்ன?"

பால் கறக்க உட்கார்ந்து முதல் இரண்டு பீச்சைத் தரையில் விடுவேன். காரணம் என்ன? மடையை மண்வெட்டியின் பின்பக்கத்தால் தட்டி அடைப்பேன். காரணம் என்ன? உளுந்தை வரப்பில் போடுவதற்குக் காரணம் என்ன? செய்து வந்திருக்கிறோம், அதுதான் காரணம். அதைச் சொல்ல வாய் வராமல் நிற்பேன். அவர் போனை என் வாய்க்கருகில் நீட்டுவார். நான் திரும்பி வேலையைப் பார்ப்பேன். அவர் புரிந்துகொண்டவர் போலத் தலையசைத்து நோட்டில் படம் வரைந்துகொள்வார். நான் ஒன்றும் சொல்லாதபோது என்னத்தைப் புரிந்துகொண்டார் என்று எனக்கு எரிச்சலாக வரும்.

வேலை இரட்டிப்பு நேரம் பிடித்தது. கொட்டகை கூட்டுவதற்கே முற்பகல் போய்விடும். என் மனைவிக்கோ அவரைப் பிடித்துப் போனது. அவள் வைக்கிற எதையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டு "ரொம்ப நல்லாருக்குதுங்க" என்பார். அதை அவளே சொல்லிக்கொடுத்திருந்தாள். "பாருங்க, ஒரு மாசத்துல அண்ணன் கத்துக்கிட்டாரு. உங்க வாயில இருந்து இத்தன வருசத்துல ஒருக்கா வந்திருக்குதா?" என்று எனக்கு ஒரு குத்து.

அவரும் எங்களுக்கு ஒன்று கற்றுக்கொடுக்க வந்தவர். வந்த மூன்றாம் வாரம் கொட்டகையின் பின்சுவரை ஒட்டி ஓர் எருக்குவியல் போட்டார். எங்கள் ஊர் வழக்கத்தில் குழியில் சாணியும் குப்பையும் கொட்டிக்கொண்டே இருப்போம். ஆறு மாதம், எட்டு மாதம் கழித்து எடுப்போம். குளிர்ந்து கிடக்கும். அவரோ வைக்கோல் ஓர் அடுக்கு, சீமைக்கொன்னைத் தழை ஓர் அடுக்கு, சாணி ஓர் அடுக்கு என்று நெஞ்சு உயரத்துக்கு ஏற்றி, தண்ணீர் தெளித்து, மேலே வைக்கோலும் தென்னோலையும் மூடினார். உள்ளே கடப்பாரையைச் செருகி, சற்று நேரம் விட்டு உருவி, என்னைத் தொடச் சொன்னார். தொட்டேன். சில்லென்றுதான் இருந்தது. அவர் சிரித்து மூன்று விரலைக் காட்டினார். மூன்று நாளா, மூன்று வாரமா? கேட்கவில்லை. வைக்கோலை இப்படி வீணாக்குகிறாரே என்ற கோபத்தில் அதற்குப் பிறகு அந்தக் குவியல் பக்கம் போகவே இல்லை. அவர் மட்டும் தினமும் கடப்பாரையை உருவித் தொட்டுப் பார்த்து நோட்டில் குறித்துக்கொள்வார்.

அடுத்த வாரம் விதைநெல்லை முளைக்கப் போட்டேன். போன போகத்தில் நானே பொறுக்கி எடுத்து வைத்த நெல், ஒரு சாக்கு. வேறு விதை என்னிடம் இல்லை. ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து, வடித்து, சாக்கில் கட்டி, கொட்டகை மூலையில் வைக்கோல் போட்டு மூடி, மேலே கல் ஏற்றினேன். இரண்டு நாளில் முளை எட்டிப்பார்க்கும்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. முளைக்கிற மூட்டையை வேறு ஆள் பார்க்கக் கூடாது. கண் பட்டால் முளை சிறுக்கும் என்று அப்பாவும் சொல்வார், பெரியப்பாவும் சொல்வார். விதை போட்ட வீட்டுக்கு வருகிறவர்களும் அந்த மூலையைப் பார்க்காமல் பேசிவிட்டுப் போவார்கள். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை, எல்லோருக்கும் தெரியும்.

அவருக்குத் தெரியாது. காலையில் கல்லை இறக்கி வைக்கோலை விலக்கி, சாக்கின் கட்டை அவிழ்த்து உள்ளே கைவிட்டுப் பார்த்தார். மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் நான்கு நெல்லை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் படம் வரைந்தார். நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற மாதிரி அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். பார்க்காதீர்கள் என்று சொல்ல வேண்டும். சொன்னால், காரணம் என்ன என்று போன் கேட்கும். உங்கள் கண் கெட்ட கண் என்று விருந்தாளியிடம் எப்படிச் சொல்வது?

சொல்லியிருக்கலாம். என் மனைவியிடம் சொல்லியிருந்தால் அவள் சிரித்துக்கொண்டே சொல்லி முடித்திருப்பாள். நான் என்ன செய்தேன் என்றால், அன்று அவர் குளிக்கப் போன நேரத்தில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் போனேன். ஒளித்துவைக்க இடம் தேடினேன். அவருடைய குவியலின் சுவர்ப்பக்கத்தில் வைக்கோல் தடிமனாக இருந்தது. அதை விலக்கி, மூட்டை உட்காருகிற அளவுக்குப் பள்ளம் செய்து, உள்ளே தள்ளி, மேலே ஓலையை இழுத்து மூடினேன். அவர் குவியலை முன்பக்கத்தில் இருந்துதான் பார்ப்பார். என் மூட்டையை அவர் பொருளிலேயே அவருக்குத் தெரியாமல் ஒளித்துவிட்டேன் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. கை வைத்தபோது வைக்கோல் இளஞ்சூடாக இருந்தது. வெயில் சூடு என்று நினைத்தேன்.

மறுநாள் அவர் மூலையைப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்.

"சாக்கு எங்கீங்க? அண்ணன் தேடறாரு" என்றாள் மனைவி.

"பத்தரமா இருக்குது."

அதற்கு அடுத்த நாள் விடிந்ததும் போய் ஓலையை விலக்கினேன். ஆவி அடித்தது. சாக்கைத் தொட்ட கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டேன். கட்டை அவிழ்க்கும் முன்பே வாசனை வந்துவிட்டது. நெல் புழுக்குகிற வீட்டுக்கு முன்னால் போனால் வருமே, அந்த வாசனை. உள்ளே நெல் உப்பி, முளை வந்த இடத்தில் பழுப்பு நுனியோடு, விரலால் நசுக்கினால் நசுங்கியது. என் விதையை நானே அவித்து வைத்திருந்தேன்.

அங்கேயே குந்தி உட்கார்ந்துவிட்டேன். அழவில்லை. எரிச்சல்தான். யார் மேல் என்றுதான் தெரியவில்லை. கொஞ்ச நேரம் அவர் மேல், கொஞ்ச நேரம் அந்தக் கடப்பாரை மேல்.

யாரும் வருவதற்கு முன்னால் அதைக் கொண்டுபோய் நாற்றங்காலில் அப்படியே விதைத்தேன். அடியில் கொஞ்சம் தப்பியிருக்கும் என்று ஒரு நப்பாசை. சாக்கை உதறும்போது மனைவி வந்து நின்று மோந்து பார்த்தாள்.

"இதென்னங்க, சோத்துக்குப் புழுக்குன மாதிரி அடிக்குது?"

சாக்கை மடக்கி எடுத்துக்கொண்டு மாட்டுக்குப் போனேன்.

ஐந்து நாள், ஆறு நாள், எட்டு நாள். சேறு சேறாகவே இருந்தது. அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பச்சை. அவர் தினமும் காலையில் வந்து வரப்பில் குந்தி எண்ணுவார். ஒருநாள் "பதினேளு" என்று தமிழில் சொன்னார். அவரைச் சேற்றில் தள்ளிவிடலாமா என்றிருந்தது.

பத்தாம் நாள் தோப்புக்காரர் வந்தார். நாற்றங்காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்னப்பா இது? மொட்டையடிச்ச மாதிரி கெடக்குது?"

நான் மண்ணைப் பார்த்தேன். என் மனைவிதான் பேசினாள். அவளுக்குத் தெரிந்ததை வைத்துத்தான் பேசினாள்.

"வந்தவரு பாவம் தெரியாம மூட்டையத் தெறந்து தெறந்து பாத்தாருங்க. அதுல சூடு போயிருச்சோ என்னமோ."

தோப்புக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "அட, நம்ம விருந்தாளியா? அதை மொதல்லயே சொல்ல மாட்டயா?" என்றார் என்னிடம். குரல் இறங்கிவிட்டது. "சரி உடு. நம்ம ஆளு பண்ணுன தப்புக்கு உன்னயச் சொல்லி என்ன? எங்கயாச்சு மிச்ச நாத்துக் கெடைக்குமா பாரு. ஒரு வாரம் முன்னப்பின்ன ஆனாலும் பரவால்ல. கன்னு இப்ப வேண்டாம்."

வயல் தப்பித்தது. நான்தான் வேகவைத்தேன் என்று அந்த நிமிடத்தில் சொல்லியிருந்தால் தென்னங்கன்று வந்திருக்கும். தெரிந்தேதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். கூச்சத்தால் பேசாத ஆயிரம் தடவைக்கு நடுவில், கணக்குப் போட்டுப் பேசாமல் இருந்தது அந்த ஒரு நாள்தான்.

சாயங்காலம் அவர் போனோடு வந்தார். தோப்புக்காரர் அவரிடம் சொல்லியிருக்கிறார். போன் சொன்னது: "நான் மூட்டையைத் திறந்து பார்த்ததால் உங்கள் விதை கெட்டுப்போனதா?"

"கேக்கறாரில்ல, சொல்லுங்க" என்றாள் மனைவி.

மாட்டின் கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டினேன். அவர் பொறுத்துப் பார்த்துவிட்டுப் போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டார். என் மௌனத்தை அவர் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை. தன்னால்தான் கெட்டது என்று அவர் நினைக்கட்டும் என்றுதான் இருந்தேன், அதைத்தான் புரிந்துகொண்டார்.

மறுநாள் காலையிலேயே என் மனைவியிடம் ஒரு வாக்கியம் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டார். பிறகு என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். என்னால் ஒருவரிடம் போய் மிச்ச நாற்றுக் கேட்க முடியாது, செத்தாலும் முடியாது. அவர் வாசலில் நின்று, கையைக் கூப்பி, "ஏனுங்க, மிச்ச நாத்து இருந்தாக் குடுங்க" என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒப்பிப்பார். நான் பின்னால், கட்டுவதற்கு நாரைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பேன்.

மேல்மடைக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். "ஏம்ப்பா, நாத்துக் கேக்கறதுக்குக்கூட வெளிநாட்டுல இருந்து ஆளு எறக்கீட்டயா? களை வெட்டறதுக்கு ஏரோப்ளேன்ல வருவாங்களா?"

"இவன் வந்து கேக்கறதுக்குள்ள நாத்து கதிரு வெச்சிரும்" என்றாள் அவர் மனைவி. "குடுத்தனுப்புங்க, பாவம், அந்த மனுசன் வெய்யில்ல செவந்து போயிட்டாரு."

நடவு முடிந்த பிறகு மிஞ்சியதைத் தருகிறோம் என்று நான்கு வீட்டில் சொன்னார்கள், சொன்னபடி தந்தார்கள். நான்கும் நான்கு வகை நெல். இரண்டு சிவப்பரிசி, இரண்டு வெள்ளை. அவற்றிலும் ஒன்று குறுகிய நாள், ஒன்று நீண்ட நாள். முதல் தண்ணீர் நிற்பதற்கு இரண்டு நாள் முன்னால் நட்டு முடித்தோம். அவர் முழங்கால் சேற்றில், எனக்குப் பக்கத்து வரிசையில், குனிந்த முதுகு நிமிராமல் நட்டார். அவர் வரிசை என் வரிசையைவிட நேராக இருந்தது. அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

புறப்படுகிற நாளில் நோட்டைத் திறந்து, கற்றுக்கொண்டதையெல்லாம் எனக்கும் மனைவிக்கும் பக்கம் பக்கமாகக் காட்டினார். எழுத்து எனக்குத் தெரியாது, படம் தெரிந்தது. மடை, மண்வெட்டியின் பின்பக்கம், பால் பீச்சு. ஒரு பக்கத்தில் மூட்டை. அதன் கட்டை அவிழ்க்கிற ஒரு கை. கையின் மேல் பெரிதாகக் குறுக்குக்கோடு. அவர் அதைத் தொட்டு, தன் நெஞ்சையும் தொட்டு, "தப்பு" என்றார். அந்தச் சொல்லை யாரிடம் கேட்டுக் கற்றாரோ.

கோபாலபுரத்தில் பொள்ளாச்சி பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். பஸ் நின்றிருந்த ஐந்து நிமிடமும் அவர் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஐந்து நிமிடத்தில் ஒரு வாக்கியம் சொல்ல முடியாதா?

அறுவடை பெரும்பாடாகிவிட்டது. ஒரு மூலை பழுத்து உதிரும்போது இன்னொரு மூலை பால்கட்டிக்கொண்டிருந்தது. மெஷினை இறக்க வழியில்லை. நானும் அவளும் அரிவாளோடு துண்டு துண்டாக அறுத்தோம். கலந்துபோன நெல்லை யார் வாங்குவார்கள்? வீட்டுக்கே வைத்துக்கொண்டோம். ஒரே பானையில் பாதி அரிசி குழையும், பாதி நறுக்கென்று நிற்கும். சோற்றுக்கு உட்காரும்போதெல்லாம் அவள் "அண்ணன் வெச்சுட்டுப் போன சோறு" என்பாள்.

இரண்டு வருடம் ஆகிறது. வயல் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அவர் போட்டுவிட்டுப் போன எருவை அடுத்த நாற்றங்காலுக்குப் போட்டேன். அப்படியொரு நாற்றை நான் பார்த்ததில்லை. இப்போது குவியல் போடுவது நான்தான். கடப்பாரையை உருவி மூன்று எண்ணும்வரை பிடிக்க முடிந்தால் இன்னும் வேகவில்லை என்று அர்த்தம். இதையும் அவரிடம் ஒழுங்காகக் கேட்டுக் கற்கவில்லை. விதையைக் கொடுத்துக் கற்றேன்.

ஆனால் தோப்புக்காரர் அதை ஒரு கதையாக்கிவிட்டார். புதிதாக யார் வந்தாலும் முதல் நாள் சாப்பாட்டில் இதுதான் வேடிக்கை. போன வாரம் ஒரு புருஷன் பெண்டாட்டி வந்தார்கள். "இங்க சாக்குமூட்டையக் கண்டாத் தூர நில்லுங்க. ஒரு ஆளு தெறந்து பாத்தே இவனோட வெள்ளாமையக் காலி பண்ணீட்டாரு" என்று எனக்கும் புரியத் தமிழில் ஒரு தடவை, அவர்களிடம் இங்கிலீஷில் ஒரு தடவை சொல்லிச் சிரித்தார். அந்தப் பெண் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். அவளுடைய போன் சொன்னது: "அது உங்களுக்கு மிகவும் வேதனையாக இருந்திருக்க வேண்டும்."

நான் தலையாட்டினேன். தலையாட்டியதும் எனக்கே என் மேல் பொறுக்கவில்லை. நாற்றுக் கேட்டு எனக்காக வெயிலில் வீடு வீடாக நின்ற மனிதரை, அவருக்குத் தெரியாமல், சாப்பாட்டுக்குச் சாப்பாடு குற்றவாளியாக்கிக்கொண்டிருக்கிறோம். கடையில் போய் ஒரு நோட்டு வாங்கினேன்.

ஐந்து நாளாக எழுதுகிறேன். "என்னத்த எழுதறீங்க?" என்றாள் மனைவி. ஒன்றுமில்லை என்றேன். "ஒண்ணுமில்லாததுக்கா இத்தனை பக்கம்?" என்றாள்.

இதை நாளைக்குத் தோப்புக்காரர் மேசையில் வைத்துவிட்டு மாட்டுக்குப் போய்விடுவேன். கையில் கொடுக்க எனக்குத் தைரியமில்லை. படம் பிடித்து அந்த வெள்ளைக்காரருக்கு அனுப்பச் சொல்லி அட்டை மேலே எழுதியிருக்கிறேன். அனுப்புவதற்கு முன்னால் தோப்புக்காரர் படிப்பார். படிக்க வேண்டும் என்றுதான் அவரிடம் கொடுக்கிறேன்.

நாற்றங்காலில் இந்தத் தடவை முளை ஒரு விரல் உயரம் நிற்கிறது. கனால் திறக்க இன்னும் இருபது நாள் இருக்கலாம். படித்துவிட்டுத் தென்னங்கன்று இறக்குவதானால் இறக்கட்டும். குழி நான்தான் எடுக்க வேண்டியிருக்கும், எடுக்கிறேன். மூட்டையைத் திறந்த கை கெடுக்கவில்லை. ஒளித்த கைதான் கெடுத்தது. அது என் கை.

ஆவணி 28, ஞாயிற்றுக்கிழமை.